நேராக பிஎச்.டி.யா, முதலில் டிவினிட்டி ஸ்கூலா?

2024 அக்டோபரில் நண்பர் ஒருவரின் மகன் எனக்கு ஓர் எக்ஸெல் ஷீட் அனுப்பினான். பதினொரு வரிசை. ஒவ்வொன்றிலும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம், பக்கத்தில் கடைசித் தேதி, விண்ணப்பக் கட்டணம், கேட்கும் ஆவணங்கள். ஓரத்தில் "சான்ஸ்" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே மட்டும் மேலிருந்து கடைசி வரை காலி. "அங்கிள், இதை மட்டும் நீங்க ஃபில் பண்ணித் தாங்க. பர்சென்டேஜ் போட்டாலும் சரி" என்று ஒரு குறிப்பு.

பையன் கெட்டிக்காரன். அமெரிக்கக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேஜர், மதவியல் மைனர், ஜி.பி.ஏ. நாலுக்கு 3.8. இடைக்காலத் தமிழ்ச் சைவ உரைகளை ஆராய வேண்டும், பேராசிரியராக வேண்டும் என்பது ஆசை. வீட்டில் தமிழ் பேசுவான். ஒரு வருடம் சமஸ்கிருதம் படித்திருந்தான். நான் இதே துறையில் அங்கே முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்து இப்போது வகுப்பெடுக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டான்.

என்னால் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியவில்லை. பதினொரு வரிசையிலும் ஒரே படிப்பு இருப்பதாக அவன் நினைத்திருந்தான். பார்த்தால் அதில் நாலு வகைப் படிப்பு கலந்து கிடந்தது. "பிரின்ஸ்டன்" என்று ஒரு வரிசை. அதில் அவன் கொடுத்திருந்த இணைப்பு பிரின்ஸ்டன் தியலாஜிக்கல் செமினரிக்குப் போனது. கடைசித் தேதியோ பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மதவியல் துறையுடையது. இரண்டும் ஒரே ஊரில், நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் வேறு வேறு நிறுவனங்கள். செமினரி 1812இல் பிரெஸ்பிட்டேரியன் சபை தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் மதவியல் துறை பிஎச்.டி.க்கு மட்டும்தான் ஆள் எடுக்கும். முதுநிலைக்கென்று தனியாக விண்ணப்பிக்க முடியாது. இரண்டிலும் சான்ஸ் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே முதலில் கதவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் போனில் மூன்று மணி நேரம் செய்தது அதைத்தான்.

எந்தக் கதவு எங்கே திறக்கிறது

அமெரிக்காவில் மதத்தைப் படிக்க இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒன்று டிவினிட்டி ஸ்கூல் அல்லது செமினரி. போதகர்களை உருவாக்க ஆரம்பித்தவை. இப்போது அதில் பாதிக்கு மேல் படிப்பு கல்விப்புலம் சார்ந்ததாக மாறிவிட்ட இடங்களும் உண்டு. இன்னொன்று பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவில் இருக்கும் மதவியல் துறை. இந்த இரண்டாவது வகை அரசுப் பல்கலைக்கழகங்களில் பெருகியதற்கு 1963இல் வந்த ஒரு தீர்ப்பு பெரிய காரணம். அரசுப் பள்ளியில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக்கூடாது, ஆனால் மதத்தைப் பற்றிக் கல்வியாகச் சொல்லித்தரலாம் என்று அபிங்டன் எதிர் ஷெம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் மதவியல் துறை வந்துவிட்டது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இரண்டு வீடும் இருக்கும்போது. ஹார்வர்ட் டிவினிட்டி ஸ்கூல் 1816இல் தொடங்கியது. எம்.டி.எஸ். என்கிற இறையியல் முதுநிலை, போதகர் பயிற்சிக்கான எம்.டிவ். எல்லாம் அங்கே. ஆனால் மதவியலில் பிஎச்.டி. வேண்டுமென்றால் விண்ணப்பம் போக வேண்டியது கலை அறிவியல் பட்டமேற்படிப்புப் பள்ளிக்கு. யேலிலும் அப்படித்தான்: மதவியல் முதுநிலையான எம்.ஏ.ஆர். டிவினிட்டி ஸ்கூலில், பிஎச்.டி. மதவியல் துறையில். டியூக்கில் டிவினிட்டி ஸ்கூல் டி.எச்.டி. என்று தன் சொந்த முனைவர் பட்டம் ஒன்றை வைத்திருக்கிறது, பிஎச்.டி. வேறு நிர்வாகத்தின் கீழ் வருகிறது. சிகாகோவில் மட்டும் டிவினிட்டி ஸ்கூலே பிஎச்.டி.யும் தருகிறது.

இதோடு மூன்றாவது ஒரு கதவையும் சொன்னேன். அது அவன் ஷீட்டில் இல்லவே இல்லை. தமிழ் உரைகளைப் படிக்கிறவன் மதவியலில்தான் சேர வேண்டும் என்று சட்டமில்லை. தெற்காசிய மொழித் துறைகளிலும் அதே நூல்களை வாசிக்கிறார்கள்: சிகாகோவில், பெர்க்லியில், ஹார்வர்டில். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்காக ஊர் ஊராக 60 லட்சம் டாலர் திரட்டியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த இருக்கை தெற்காசியத் துறையில் இருக்கிறது, மதவியலில் இல்லை. அங்கே போட்டியாளர் கூட்டமும் வேறு, கேட்கும் கேள்வியும் வேறு. "இந்த நூலை வைத்து மதம் என்ற கருத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறாய்" என்று மதவியல் துறை கேட்கும். "இந்த நூலை உன்னால் வாசிக்க முடியுமா" என்று மொழித் துறை கேட்கும்.

நேராக பிஎச்.டி.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், காரணம் காசு. அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. இடம் என்றால் கல்விக் கட்டணம் கிடையாது, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஸ்டைபெண்ட், மருத்துவக் காப்பீடு. வசதியான தனியார் பல்கலைக்கழகங்களில் ஸ்டைபெண்ட் இப்போது ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. படிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அதனாலேயே கதவு ஒடுங்கியது. ஒரு துறை ஆண்டுக்கு எட்டுப் பேரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் இருநூறு. நூற்றுக்கு நாலு என்று கணக்குப் போட்டால் தப்பு. அந்த எட்டு இடமும் உட்பிரிவுகளுக்குள் பங்கு போடப்படுகிறது: அமெரிக்க மதங்கள், இஸ்லாம், ஆதி கிறிஸ்தவம், யூதம், மத தத்துவம், ஆசிய மதங்கள். ஆசிய மதங்களுக்கு அந்த வருடம் ஒரே இடம் இருக்கலாம். அதற்கு பௌத்தக்காரர்களும் சைவக்காரர்களும் சேர்ந்து நிற்பார்கள். போன வருடம் இந்தியா பக்கம் ஆள் எடுத்திருந்தால் இந்த வருடம் திபெத்துக்கு முறை. இது எதுவும் இணையதளத்தில் இருக்காது. 3.8க்கும் 3.9க்கும் இதில் எந்த வேலையும் இல்லை.

என் சொந்தக் கதை ஒன்று. முதல் சுற்றில் நான் ஏழு பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தேன். ஏழும் இல்லையென்று வந்தது. அதில் ஒரு இடத்துக்கு நான் எழுதிய எஸ்.ஓ.பி., அதாவது என்ன ஆராயப் போகிறேன், ஏன் அங்கே என்று சொல்லும் நோக்க அறிக்கை, முழுக்க ஒரே பேராசிரியரைக் குறிவைத்தது. அவருடைய கட்டுரைகள் எல்லாம் படித்து, அவரோடு ஏன் வேலை செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் உருகியிருந்தேன். அவர் அந்த ஆண்டோடு புதிய மாணவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார், ஓய்வு பெறப் போகிறார் என்பது மார்ச்சில் நிராகரிப்பு வந்த பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. துறையின் பக்கத்தில் அவர் படம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. என் ஃபைலைக் கையில் எடுத்து "இது என் ஆள்" என்று சொல்ல அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பரில் நான்கு வரி மின்னஞ்சல் ஒன்று போட்டிருந்தால் போதும். யார் நீங்கள், எந்த நூல், என்ன கேள்வி, வரும் ஆண்டில் மாணவர் எடுக்கும் எண்ணம் உண்டா. சிலர் பதில் போட மாட்டார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எடுக்கவில்லை" என்று ஒரு வரி வந்தால் விண்ணப்பக் கட்டணம் மிச்சம். கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 105 டாலர் வரை. பதினொன்றுக்குக் கட்டினால் ஆயிரத்தைத் தொடும். கட்டண விலக்கு பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

மின்னஞ்சலுக்கு அப்புறம் மொழி. இதில்தான் உண்மையான சல்லடை இருக்கிறது. ஆதி கிறிஸ்தவம் என்றால் கிரேக்கம், லத்தீன், கூடவே காப்டிக்கோ சிரியாக்கோ. எபிரேய பைபிள் என்றால் எபிரேயமும் அராமைக்கும். பௌத்தம் என்றால் சமஸ்கிருதம், பாலி, திபெத்தியம், செவ்வியல் சீனம் இவற்றில் குறைந்தது இரண்டு. இஸ்லாம் என்றால் அரபி, பலருக்குப் பாரசீகமும். எல்லாவற்றுக்கும் மேல் ஆய்வு வாசிப்புக்கு ஜெர்மனும் பிரெஞ்சும். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பார்கள். கற்றுக்கொண்டு வந்தவர் பக்கத்து ஃபைலில் இருக்கிறார் என்பதை எழுதியிருக்க மாட்டார்கள்.

பையனுக்குத் தமிழ் இருக்கிறதே என்று அவன் அப்பாவும் சொன்னார், அவனும் சொன்னான். ஒரு பழைய சித்தாந்த உரையிலிருந்து அரைப்பக்கம் படம் எடுத்து அனுப்பி, மொழிபெயர்த்து அனுப்பு என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தது. சொற்களுக்கெல்லாம் அகராதியில் பொருள் பார்த்து, உழைத்துச் செய்திருந்தான். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் விழுந்துவிட்டான். உரைகாரர் ஒரு கருத்தைச் சொல்லி "எனின்" என்று முடித்து, அடுத்து "அற்றன்று" என்று தொடங்குகிறார். அதாவது "இப்படி ஒருவர் ஆட்சேபித்தால், அது அப்படியில்லை" என்று பதில் சொல்ல வருகிறார். பையனோ ஆட்சேபத்தை உரைகாரரின் சொந்தக் கொள்கையாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஐந்து வரியையும் அதற்கேற்ப வளைத்திருந்தான். வீட்டுத் தமிழுக்கும் உரைத்தமிழுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு "எனின்"இல் தெரிந்தது. சேர்க்கைக் குழுவில் இருக்கும் தமிழறிந்த பேராசிரியர் எழுத்து மாதிரியைப் பார்த்தால் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

எஸ்.ஓ.பி.யில் அவனுக்கு வேறு மாதிரியான சிக்கல். முதல் மூன்று பத்தியும் சின்ன வயதில் பாட்டி தேவாரம் பாடியதைக் கேட்டு வளர்ந்தது, மதங்களுக்கிடையே புரிதல் வேண்டும் என்ற வேட்கை. மனதைத் தொடுகிறதுதான். ஆனால் வரும் ஃபைல்களில் ஏகப்பட்டவை இப்படித்தான் ஆரம்பிக்கும். பாட்டியின் இடத்தில் ஒரு பாதிரியாரோ ஒரு பயணமோ இருக்கும். நாலாவது பத்தியின் நடுவில் ஒரு வாக்கியம் ஒளிந்திருந்தது. அந்த உரைகாரர் சில இடங்களில் ஆகம வரியை சமஸ்கிருதத்திலேயே தருகிறார், சில இடங்களில் அதே வகை வரியைத் தமிழில் சொல்லிவிட்டு ஆகமம் என்று பெயர்கூடச் சொல்லாமல் போகிறார், எப்போது எது, ஏன் என்று. கல்லூரியில் ஒரு டேர்ம் பேப்பருக்காகக் கவனித்ததாம். "இதைத் தூக்கி முதல் வரியில் போடு, பாட்டியை உனக்காக வைத்துக்கொள்" என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டான். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு 3.8ஐவிட மதிப்பு அதிகம்.

ஜி.ஆர்.ஈ. என்ற பொது நுழைவுத் தேர்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல மதவியல் படிப்புகள் அதைக் கைவிட்டுவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டுவிட்டன. கேட்கிற இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

இருக்கிற நெருக்கடியையும் சொல்லிவிட வேண்டும். 2025 வசந்தத்திலேயே நிதிப் பிரச்சினையைக் காட்டிப் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் இடங்களைச் சுருக்கின. அதே ஆண்டு சிகாகோவின் கலை, ஹியூமானிட்டீஸ் பிரிவு அடுத்த சேர்க்கைக்குப் பல துறைகளில் ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்தது. ஹார்வர்டும் கலை அறிவியல் பிரிவில் பிஎச்.டி. சேர்க்கையைக் கணிசமாக வெட்டியது. பழைய ஆண்டுகளின் சேர்க்கைக் கணக்கை வைத்து சான்ஸ் போட்டால் எண் பெரிதாகத்தான் தெரியும்.

டிவினிட்டி ஸ்கூல் முதுநிலை

இங்கே கதவு அகலம். டிவினிட்டி ஸ்கூல்கள் முதுநிலையில் பத்துக் கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேல் எடுக்கின்றன. ஒவ்வொரு மாணவனையும் ஒரு பேராசிரியர் தத்தெடுக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு சம்பளம் தர வேண்டியதில்லை. அதனால் இங்கே குழு பார்ப்பது வேறு: இந்த ஆள் பட்டமேற்படிப்பு வகுப்பில் தாக்குப்பிடிப்பாரா, எழுதத் தெரிகிறதா, எதற்கு வருகிறார் என்று தெரிந்து வருகிறாரா. நல்ல மார்க், ஒழுங்கான எழுத்து மாதிரி, மாணவனை உண்மையிலேயே தெரிந்தவர் எழுதிய இரண்டு மூன்று கடிதம் இருந்தால் சான்ஸ் நிஜமாகவே நன்றாக இருக்கும். வேறு துறையில் பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ படித்தவர்களுக்கு இது தடையில்லாத வழி. பையனைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களையும் அங்கே பார்க்கலாம்.

சரி, இடம் கிடைக்கும். காசு?

இதில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் எம்.டி.எஸ். படிப்பில் சேர்க்கப்படுகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் உதவியாகவே வருகிறது. அது கத்தோலிக்க இறையியல் துறை, பையனின் சைவத்துக்கு அங்கே ஆள் தேடுவது கஷ்டம், ஆனால் பைபிளோ ஆதித் திருச்சபை வரலாறோ படிக்கிறவர்களுக்கு முதல் வரிசையில் வைக்க வேண்டிய இடம். யேல் டிவினிட்டி ஸ்கூல் 2022 முதல் தேவை நிரூபிக்கும் மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கிறது. ஹார்வர்ட் டிவினிட்டியிலும் உதவி குடும்பப் பொருளாதாரத்தைப் பார்த்துத்தான். ஆனால் கல்விக் கட்டணம் போனாலும் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் கைக்காசு. வெளிநாட்டு மாணவர் என்றால் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை வாங்கவே முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் இப்போது பழைய வசதி இல்லை. பட்டமேற்படிப்புக்கான கிராட் பிளஸ் அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. மிச்சமிருக்கும் அரசுக் கடனுக்கு முதுநிலையில் ஆண்டுக்கு 20,500 டாலர் உச்சவரம்பு.

என்னைக் கேட்டால், மதவியல் முதுநிலைக்காகப் பெரிய கடன் வாங்கக்கூடாது. சட்டம் படித்தால் கடனை அடைக்கச் சம்பளம் வரும். இங்கே அதற்குப் பின் இன்னும் ஆறு வருடம் பிஎச்.டி. காத்திருக்கிறது, அதற்கும் அப்புறம் வேலை கிடைக்குமா என்பதே தனிக் கதை. கல்விக் கட்டணத்தில் முக்கால் பங்காவது தள்ளுபடி ஆகாத முதுநிலை இடத்தை இடமாகவே எண்ண வேண்டாம் என்பது என் கணக்கு.

எம்.டிவ்.ஐ மட்டும் இங்கே ஒதுக்கிவிடலாம். மூன்றாண்டு, களப்பயிற்சி உண்டு, போதகராகவோ மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் சாப்ளினாகவோ போகிறவர்களுக்கு. ஆராய்ச்சிதான் இலக்கு என்றால் எம்.டி.எஸ். அல்லது எம்.ஏ.ஆர். போதும்.

இந்த வழியில் யாரும் எச்சரிக்காத ஒரு கணக்கு உண்டு, அதில் நானே தடுக்கி விழுந்தேன். எம்.டி.எஸ். இரண்டு ஆண்டு, ஹார்வர்டில் 16 பாடம், அரையாண்டுக்கு நாலு. ஆனால் பிஎச்.டி. விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு டிசம்பரில் போயாக வேண்டும். அப்போது மதிப்பெண் வந்த பாடம் எட்டுத்தான். இன்னும் நாலு நடந்துகொண்டிருக்கும். கடிதம் எழுதும் பேராசிரியருக்கு உங்களைத் தெரிந்தது ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்காது. முதல் அரையாண்டில் "எல்லாம் கொஞ்சம் ருசி பார்ப்போம்" என்று நாலு திசையில் நாலு பாடம் எடுத்தால், டிசம்பரில் உங்களுக்குக் கடிதம் எழுத ஒருவர்கூட ஆழமாகத் தெரிந்திருக்க மாட்டார். முதல் வாரத்திலேயே மொழி வகுப்பில் உட்கார வேண்டும். கடிதம் எழுதப் போகிறவரின் வகுப்பை இரண்டு முறையாவது எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஹார்வர்ட் எம்.டி.எஸ். முடித்தால் ஹார்வர்ட் பிஎச்.டி. சுலபம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு பின்வாசல் இல்லை. உங்களைத் தெரிந்த பேராசிரியர்கள் குழுவில் இருப்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு உங்கள் பலவீனமும் தெரிந்திருக்கும்.

அரசுப் பல்கலைக்கழக எம்.ஏ.

பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடுகிற வழி இது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம், ஃபுளோரிடா ஸ்டேட், அலபாமா போன்ற இடங்களில் மதவியல் எம்.ஏ. உண்டு. இப்படிப்பட்ட துறைகளில் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தால் கட்டணமும் குறையும், கையில் கொஞ்சம் சம்பளமும் வரும், வகுப்பு நடத்திய அனுபவமும் சேரும். சிறிய துறை என்பதால் பேராசிரியருக்கு உங்கள் பெயர் இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். சிக்கல் ஒன்றே: உங்களுக்கு வேண்டிய மொழி அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் காசு மிச்சமானாலும் காலம் வீண்.

பிரிட்டனில் ஒரு வருடம்

ஆக்ஸ்ஃபோர்ட், எடின்பரோ, லண்டனில் சோவாஸ். ஒரே ஆண்டில் முதுநிலை முடிந்துவிடும் என்பது கவர்ச்சி. பேப்பரில் சேர்க்கை விதியும் தெளிவு: இன்ன வகுப்பு மதிப்பெண் இருந்தால் தகுதி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கத் தேர்வைப் போல ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

நாள்காட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். படிப்பு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கும். அமெரிக்க பிஎச்.டி. கடைசித் தேதி டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள். அதாவது லண்டன் குளிருக்கு கோட் வாங்குவதற்குள் கடிதம் கேட்க வேண்டும். எட்டு வாரம் தெரிந்தவர் என்ன எழுதுவார்? அந்த முதுநிலையின் பலன் அடுத்த வருட விண்ணப்பத்தில்தான் தெரியும், நடுவில் ஒரு வருடம் சும்மா நிற்கும். ஆக ஒரு வருடப் படிப்பும் கணக்கில் இரண்டு வருடம்தான். ஆக்ஸ்ஃபோர்டின் எம்.ஃபில். இரண்டாண்டு என்பதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கிறது.

பிரிட்டனிலேயே முனைவர் பட்டமும் என்றால் கதை வேறு. மூன்று நாலு ஆண்டில் முடியும், பாடத்திட்டம் பெரும்பாலும் இல்லை. என்ன ஆராயப் போகிறேன் என்பது சேரும்போதே முடிவாகியிருக்க வேண்டும். இடம் கிடைப்பதும் நிதி கிடைப்பதும் அங்கே தனித்தனி வெற்றி. இடம் கிடைத்து, காசில்லாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். தலைப்பு தெளிவாக உள்ளவருக்கு நல்ல வழி. இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கு அமெரிக்காவின் இரண்டு ஆண்டுப் பாடவகுப்பு தேவைப்படும்.

ஒரு வருடம் பொறுப்பது

இதைச் சொன்னதும் வீட்டில் முகம் மாறும். "சும்மா இருக்கப் போறானா?" என்று நண்பர் கேட்டார். சும்மா இல்லை. கிரேக்கமும் லத்தீனும் வேண்டியவர்களுக்கு பென்சில்வேனியா, கொலம்பியா போன்ற இடங்களில் போஸ்ட்-பாக் என்று பட்டத்துக்குப் பிறகான ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. தெற்காசிய மொழிகளுக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கோடைக்காலப் பள்ளி. தமிழுக்கென்றே ஏ.ஐ.ஐ.எஸ். (அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ்) மதுரையில் வகுப்பு நடத்துகிறது. ஏற்கெனவே ஒரு முதுநிலை கையில் இருந்து மொழி மட்டும் குறைகிறவருக்கு, இன்னொரு முதுநிலையைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

இந்தியாவில் மூன்றாண்டு பட்டம் முடித்தவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பட்டத்தை நான்காண்டுக்குச் சமமாக ஏற்பதா என்பதில் அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றுபோல் இல்லை. கூடவே ஒரு எம்.ஏ. இருந்தால் கேள்வி வராது. இல்லையென்றால் கட்டணம் கட்டும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

அவன் ஷீட் என்ன ஆனது

பதினொன்றில் நாலு வரிசையை அன்றே அழித்தோம்: இரண்டில் தமிழோ சமஸ்கிருதமோ வாசிக்கும் ஆளே இல்லை, ஒன்றில் பேராசிரியர் மாணவர் எடுக்கவில்லை என்று பதில் போட்டுவிட்டார், இன்னொன்று அந்த செமினரி. மிச்சம் ஏழு. அதில் மூன்று பிஎச்.டி., அதிலும் ஒன்றை மதவியலிலிருந்து தெற்காசிய மொழித் துறைக்கு மாற்றிக்கொண்டோம். நாலு முதுநிலை. "சான்ஸ்" தலைப்பை அழித்துவிட்டு அவன் மூன்று தலைப்பு போட்டான்: என் ஃபைலை யார் எடுப்பார், மொழி எவ்வளவு, கைக்காசு எவ்வளவு. பிஎச்.டி. மூன்றிலும் நடுக்கட்டத்தில் அவனே "போதாது" என்று எழுதினான். ஆனாலும் அனுப்பினான். நானும் தடுக்கவில்லை, மூன்று கட்டணம்தானே, எஸ்.ஓ.பி. எழுதிப் பழகவும் ஆயிற்று.

மார்ச்சில் இரண்டு பிஎச்.டி. இல்லையென்றன. மொழித் துறை வெயிட்லிஸ்டில் வைத்தது. முதுநிலையில் மூன்று இடம் வந்தது, ஒன்றில் முழுக் கட்டணத் தள்ளுபடி. ஏப்ரல் 15 வரை யாரையும் முடிவெடுக்க நெருக்கக்கூடாது என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளுக்குள் ஓர் உடன்பாடு உண்டு, நிதியோடு வரும் இடங்களுக்கு. அதனால் வெயிட்லிஸ்ட் நகர்வது பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில்தான். வேண்டாத இரண்டு இடத்தையும் ஏப்ரல் முதல் வாரமே விட்டுவிடச் சொன்னேன். அதற்காக யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விட்டான். 15ஆம் தேதி மதியம் வரை அவன் வெயிட்லிஸ்ட் நகரவில்லை. முழுத் தள்ளுபடி இடத்துக்குச் சரி என்று பதில் போட்டான்.

இப்போது சமஸ்கிருதம் இரண்டாம் ஆண்டு வகுப்பும், வாரம் ஒரு நாள் ஒரு பேராசிரியரோடு உரை வாசிப்புமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வரும் டிசம்பரில் மறுபடி விண்ணப்பம். போன மாதம் அதே அரைப்பக்கத்தைத் திரும்ப மொழிபெயர்த்து அனுப்பினான். "எனின்" சரியாக வந்திருக்கிறது. கீழே இன்னொரு வரியில் "என்று கொள்க" என்று வர வேண்டிய "என்க" என்பதை "என்று சொல்கிறார்கள்" என்று போட்டிருந்தான். சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.